மிஸ்டு கால் கொடுத்த பெட்டி

அந்த வருடங்களில் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சிம் கார்டு போட்ட ரவுட்டர்களைக் கொண்டுபோய் மாட்டி, அதற்குள் செட்டிங் எல்லாம் போட்டுவிட்டு வருவது என் வேலை. வீட்டு இன்டர்நெட் பெட்டி மாதிரி நாசூக்கானது இல்லை அது. தகர உடம்பு, மேலே ஓர் ஏரியல். உப்புக் காற்றிலும் தூசியிலும் போட்டாலும் கிடக்கும். டெலிபோன் லைன் எட்டாத இடத்தில் ஒரு மெஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று செல்போன் டவர் வழியாக எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெரும்பாலும் படப்பை தாண்டி இருந்த தொழிற்சாலைகளுக்குத்தான் போவேன். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில், படித்த பெண் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறாள் என்று ஒரு பேச்சு இருந்தது. பேசட்டும். அவர்களா என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடுகிறார்கள்?

ஒரு நாள் எங்கள் முதலாளி கூப்பிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு குப்பத்தில் வேலை இருக்கிறது என்றார். மீன் விற்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு குளிர் அறை கட்டியிருக்கிறார்கள். அது மின்வெட்டுக் காலம். தினமும் காலையில் கரண்டு போகும், வரும். ஒரு நாள் கரண்டு வந்த பிறகும் மெஷின் ஓடாமல் நின்றுவிட, யாரும் கவனிக்காமல், உள்ளே இருந்த மீன் அத்தனையும் நாறிவிட்டது. "சின்ன வேலைதான்மா, போய்ட்டு வந்துடு" என்றார். சின்ன வேலை என்று அவர் சொன்ன எதுவும் சின்னதாக முடிந்ததில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று தோண்டிப்போட்ட ரோட்டில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எனக்கு முதுகே இல்லை.

அறையின் சாவி ஓர் அக்காவிடம் இருந்தது. விடியும் முன்னே கூடையோடு பஸ் ஏறித் தாம்பரம் மார்க்கெட்டில் வந்து உட்கார்ந்தால், வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். மீன் நாறிய அன்றும் அவர் மார்க்கெட்டில்தான் இருந்தார். ஆனாலும் சாவி அவரிடம் இருந்ததால் பழி அவர் தலையில் விழுந்தது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா சாவிய வெச்சுட்டுப் போய்க்கினே இருன்னு சொல்லிட்டாளுங்கம்மா" என்றார். "இந்த அறைய நாயா பேயா அலைஞ்சு கட்ட வெச்சவ நான். மார்க்கெட்ல குந்திகினு இருக்கறப்ப இங்க இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

அவருக்காகத்தான் அன்று அத்தனை வேலையும். முதலில் ரவுட்டர், அறைக்குள் இருந்த வெப்பமானிக்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும்; அப்போதுதான் இரண்டும் பேசிக்கொள்ளும். டவர் தொடர்பு அறுந்தால் தானே அணைந்து தானே எழுந்துகொள்ளச் சொல்ல வேண்டும். வெளியாள் யாரும் உள்ளே நுழையாதபடி எல்லா வாசலையும் அடைத்து, எங்கள் ஆபீஸுக்கு மட்டும் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து லாப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தேன். மீன் கவிச்சி மூக்கில் ஏறி, காலையில் சாப்பிட்ட இட்லி எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்றிருந்தது.

"அறை சூடானா எஸ்எம்எஸ் வர்ற மாதிரி வெச்சிடறேன் அக்கா" என்றேன்.

"எனக்கு எழுத்து வராது. மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு."

"சூடானாவா?"

"நல்லா கீதுன்னா. எங்க வூட்டுக்காரு அப்டித்தான் பண்ணுவாரு. கரைகிட்ட வந்து டவர் கெடைச்சதும் ஒரு ரிங்கு. வந்துட்டாரு, நல்லா கீறாருன்னு அர்த்தம். இந்தப் பொட்டியும் அப்டியே பண்ணட்டும். கரண்டு வந்து மெசினு ஓட ஆரம்பிச்சதும் ஒரு ரிங்கு. வரலன்னா நான் யாரயாச்சும் ஓடிப்போய்ப் பாக்கச் சொல்றேன்."

அந்த மாடலின் புத்தகத்தில் மிஸ்டு கால் என்று ஒரு பக்கமும் இல்லை. எழுதியவன் ஊரில் அந்தப் பழக்கம் இருந்திருக்காது. மோடமுக்கு நேராகக் கட்டளை எழுதி, காலை மின்வெட்டு முடிந்து பத்து மணிக்கு மெஷின் ஓடினால் இந்த நம்பருக்கு அடி, இரண்டு ரிங் போனதும் வை என்று கட்டிவிட்டேன். சரிபார்க்க அக்காவின் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் போன் நாதஸ்வரம் வாசித்தது. என் பெட்டிதான் கூப்பிடுகிறது என்று நினைத்து, எடுத்துக் காதில் வைத்தேன்.

இன்ஜின் இரைச்சல். அதற்கு மேலே ஒரு ஆண் குரல், பதறிப்போய்: "இன்னாடி, எடுத்துட்ட? இன்னா ஆச்சு?"

"சார், நான் ரவுட்டர் மாட்ட வந்திருக்கேன்" என்று உளறினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து போனைப் பிடுங்கினார். "ஒண்ணும் இல்ல. நீ வா" என்று சொல்லி வைத்தார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டு கால் குடுத்தா எடுக்கக் கூடாதும்மா. எடுத்தா ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம். அந்த மனுசன் கடல்ல இருந்துகினு எப்டி பயந்துருப்பாரு. இன்னா பொண்ணு நீ, இது கூடத் தெரியாதா?" என்றவர், கொஞ்சம் தணிந்து, "அவருக்கு மட்டும் நாதஸ்வரம். அவரே கடையில குடுத்துப் போட்டுகினு வந்தாரு, கிண்டலுக்கு" என்றார். சிரிக்கும்போது முகம் சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதரை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அந்தக் குரலோடு சரி.

மறுநாள் சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். காலையில் வர வேண்டிய மிஸ்டு கால், அவர் வீட்டுக்கு வந்து குழம்பு வைக்கும் நேரத்தில் வந்ததாம். "உன் பொட்டி நல்லா தூங்கி எந்திரிச்சு வருதும்மா" என்றார். ரவுட்டர் தன் கடிகாரத்தை எங்கேயோ ஒரு சர்வரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். வருவது லண்டன் நேரம். அதோடு நம் ஐந்தரை மணியைக் கூட்டச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் இந்த மாடல் அதை மறந்து தொலைத்தது. எழுந்ததும் முதல் வேலையாகக் கூட்டிக்கொள் என்று ஆபீஸில் இருந்தபடியே எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் பிசகவில்லை. தாம்பரம் பக்கம் போனால் மார்க்கெட்டில் எட்டிப் பார்ப்பேன். சங்கரா மீனை அரிந்துகொண்டே இடுப்புப் போனைத் தட்டிக் காட்டுவார். முதலில் அவர், அப்புறம் உன் பொட்டி, ரெண்டும் வந்துருச்சு என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், ஆபீஸ் திரையில் அந்த அறையின் கோடு தொடர்பு அறுந்து சிவப்பாகிக் கிடந்தது. பெட்டியில் இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடுவது அக்காவின் பொறுப்பு. கூப்பிட்டுப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது. இவர்களுக்கு இதே வேலை, வாங்கி மாட்டுவதோடு சரி என்று எரிச்சலோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். வாரங்கள் ஓடின. ஒரு காலையில் அவர் குரல் கேட்டது.

"சாவிய கேக்குறாளுங்கம்மா. பொட்டி செத்துக் கெடக்குது. கொஞ்சம் வா."

போய் இறங்கியபோது அறை வாசலில் குழுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா உள்ளே, பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"மொத நாள் ராவுல கரண்டு இல்ல. போனு சார்ஜு எறங்கிப் போச்சு. மூணு மணிக்குக் கரண்டு வந்துச்சு, சார்ஜு போட்டு வெச்சாரு. அப்டியே விட்டுட்டுக் கடலுக்குப் பூட்டாரு. நான் கெளம்பறப்ப பாத்தேன், செல்ஃபுல கெடந்துச்சு. அதனால ரிங்கு வரலன்னு நான் பயப்படவே இல்லம்மா. போனுதான் வூட்ல கீதே. எப்டி வரும்? உன் பொட்டி மட்டும் குடுத்துச்சு. சரி, எல்லாம் நல்லா கீதுன்னு மீனு வித்துகினு இருந்தேன்."

அலையில் போட் கவிழ்ந்திருக்கிறது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இவர் சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கடல் மேல் வந்த கோபத்தை எங்கே காட்டுவது? அந்தத் தகரப் பெட்டியை முறைத்துப் பார்த்தேன்.

அக்கா வீட்டை விட்டு வெளியே வராத நாட்களில் சிம்மின் காலம் முடிந்து, நம்பரே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. புது சிம் வாங்க போட்டோ, முகவரிச் சான்று என்று கேட்பார்கள். அது உயிர் பெறவும் சில நாட்கள் ஆகும். வாசலில் நின்ற ஒரு பெண் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "அதுவரிக்கும் யாரு பாத்துகினு இருக்கறது? எறா வேற ரொம்பிக் கெடக்குது. அக்காவால இனிமே முடியாது. சாவிய எங்கிட்ட குடுத்துரட்டும்." அவள் கெட்டவள் இல்லை. அவள் மீனும் உள்ளேதான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு இனி இந்த அறையை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய போன்.

"இதுல கீற சிம்ம போடு. நேத்துதான் ரீசார்ஜு பண்ணேன்."

"அக்கா, இது அவரோடது."

"தெரியும். போடு."

அந்தச் சின்னச் சில்லை நகத்தால் நெம்பிக் கழற்றினேன். பெட்டிக்குள் செருகினேன். டவரைப் பிடித்தது. அறையின் கோடு எங்கள் ஆபீஸில் மறுபடி பச்சையாகிவிட்டதாக முதலாளி போனில் சொன்னார். இதுவரை சரி. மீதி இருந்தது அந்த மிஸ்டு கால்.

"அக்கா, இனிமே ரிங் வேண்டாம். அறை சூடானா உங்க எல்லாருக்கும் எஸ்எம்எஸ் வர்ற மாதிரி மாத்திடறேன். யாராவது படிச்சுச் சொல்லுவாங்க."

"எப்பவும் போல இருக்கட்டும்."

"அவரு நம்பர்லேர்ந்து வருமே அக்கா. தினமும்."

"அதான் சொல்றேன், இருக்கட்டும்" என்றார்.

அதற்கு மேல் நான் யார் பேச? டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கட்டளையைத் தட்டினேன். பெட்டியின் விளக்கு மினுக்கியது. கொஞ்ச நேரம் மெஷின் இரைச்சல் மட்டும்.

நாதஸ்வரம் வாசித்தது.

சாவி கேட்டவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு ரிங்கில் பெட்டி தானாகவே வைத்துவிடும், அதுவரை பொறுத்தால் போதும் என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முதல் ரிங் முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டால் என்ன செய்வதென்று அந்தப் பெட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. லைன் அப்படியே திறந்து கிடந்தது. துண்டிக்கும் கட்டளை என் விரலடியில்தான் இருந்தது. தட்ட மனம் வரவில்லை. போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் கேட்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "நீ வா."

பிறகு அவரே வைத்தார்.