கரிச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு நடிகை

பேசும் படம் கண்டிக்கு வந்து சேர்வதற்கு முந்திய மழைக்காலம் அது. வார நாட்களில் நான் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படக்கொட்டகையில் கதை சொல்பவன். திரைக்குப் பக்கத்தில் பிரம்பும் கையுமாக நின்றுகொண்டு, ஊமைப் படத்தில் வாயசைப்பவர்களுக்கெல்லாம் தமிழில் பேச வேண்டும். ராஜாவும் நானே, ராணியும் நானே. என் தொண்டைக்காகவே கெலிஓயாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்று கொட்டகை முதலாளி சொல்வார். நானும் நம்பிவிட்டேன்.

அந்த முறை வந்தது ஒரு பிரெஞ்சுக் கொலைக் கதை. நடுநடுவே வரும் எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷ் அங்கே செல்லவில்லை. முகங்களைப் பார்த்து நீயே ஒரு கதையைக் கட்டிக்கொள் என்று முதலாளி கைகழுவிவிட்டார்.

கதையில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. பணக்கார மனைவி, சொத்துக்கு ஆசைப்படும் கணவன். குளிருக்கு என்று அவள் அறையில் ஒரு கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான். ஜன்னல் சந்துகளில் துணியை அடைக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தபடி போகிறான். பிறகு திரையில் அவள் ஒருத்திதான். யாரும் அவளைத் தொடவில்லை, ஆனால் அவள் செத்துப்போகிறாள்.

ஏன் செத்தாள் என்பது எனக்குப் புரியவே இல்லை. கரிச்சட்டியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குக் கீழே சிரட்டைக் கரி கனன்றுகொண்டே இருக்கும். உடம்புக்கு இதமான சாமான் எப்படி ஆளைக் கொல்லும்? அதனால் மேசைமேல் இருந்த கிளாசில் நானே விஷத்தைக் கலந்துவிட்டேன். அவள் அதைக் குடிக்கவே இல்லையே என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். நீ பீடி வாங்கப் போனபோது குடித்துவிட்டாள் என்றேன். கொட்டகையே சிரித்தது.

ஆனால் அந்த நடிகை சாகும்போது ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். முதலில் இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்துவாள். பிறகு ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. தோளிலிருந்து சால்வை நழுவும். எடுக்கக் கை நீட்டுவாள், கை சால்வைக்குப் பக்கத்தில் போய் விழும். எழுந்திருப்பாள், முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிடுவாள். கடைசியாகக் கதவைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் ஒரு வசனம் வைத்திருந்தேன்: "கதவு இருக்கட்டும். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்." இதைச் சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். தினமும் பார்த்துப் பார்த்து அவளுடைய ஒவ்வொரு அசைவும் எனக்கு மனப்பாடம்.

அப்போது என் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்து தீட்டுக்கூடக் கழியவில்லை. ஞாயிறு பகல் ஆட்டம் முடித்து, சாயங்கால ஆட்டத்துக்கு முன் சாப்பிட்டுப் போகலாம் என்று வந்தேன். விடாத மழை. பச்சை உடம்புக்கு ஈரக்காற்று படக்கூடாது என்று அம்மா ஜன்னலிலும் கூரை இடுக்கிலும் பழஞ்சேலைகளைத் திணித்திருந்தார். குழந்தை இன்று அழவே இல்லை, தங்கமாகத் தூங்குகிறது என்று அவருக்கு ஒரே பெருமை. சுக்குத் தண்ணீரை என்னிடம் கொடுத்து, உள்ளே போகாமல் வாசற்படியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

கதவைத் தள்ளினேன். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். தலைவலியா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தாள்.

அவள் தோளில் கிடந்த கம்பளி நழுவியது. கை நீட்டினாள். கை கம்பளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது, வாய் திறக்கவில்லை. அவள் எழுந்தாள். முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கதவைப் பார்த்தாள்.

"கதவு இருக்கட்டும்ண்ணே," என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

கொட்டகைப் பக்கமே வராதவள் அவள். கட்டிலுக்குக் கீழே கரி செக்கச்சிவந்து கிடந்தது. அப்போதுதான் அந்தக் கிளாசில் விஷமே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

தீட்டாவது ஒன்றாவது. உள்ளே பாய்ந்து சட்டியைத் தூக்கி முற்றத்து மழையில் எறிந்தேன். கை வெந்தது பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் சேலைகளைப் பிடுங்கினேன். தங்கையை இழுத்துவந்து தாழ்வாரத்தில் கிடத்தினேன், குழந்தையை வாரி எடுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "பச்ச உடம்புக்காரிடா. ஜன்னி கண்டா யாருடா பதில் சொல்றது?"

தங்கை வாந்தி எடுத்தாள். கண் என்னைத் தேடியது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. குழந்தைதான் அசையவில்லை. கன்னம் ரோஜா நிறம், உடம்பு துவண்ட துணி. சாரல் படும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தும்மல் வந்தது. பிறகு அழுதானே ஓர் அழுகை, பக்கத்து வீடெல்லாம் கூடிவிட்டது.

மூடிய அறையில் கரி கனன்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷம் காற்றில் சேரும் என்று என் கைக்குக் கட்டுப் போட்ட டாக்டர் பிற்பாடு விளக்கினார். ஜன்னி ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்கால ஆட்டத்துக்குக் கையில் கட்டோடு போனேன். அவள் நெற்றியைத் தொட்டதும் பிரம்பைக் கரிச்சட்டிமேல் வைத்தேன். இதுதான் கொல்கிறது, கிளாஸ் இல்லை, இவ்வளவு நாளும் நான் சொன்னது தப்பு என்றேன். ஜன்னல் துணியையும் சாத்திய கதவையும் காட்டினேன். அதற்குமேல் பேச வரவில்லை, பிரம்பைத் தாழ்த்திவிட்டேன். சத்தமே இல்லாமல் அவள் கதவைப் பார்த்தாள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி பாயைவிட்டு எழுந்தாள். முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்காமல், உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். யார், எந்த வீட்டுக்கு ஓடினாள், போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊமையாக இருந்தவளுக்கு நான்தான் பேச்சுக் கொடுத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவளோ தினமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், குறுக்கே பேசிக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதை என் தங்கை மகனைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.