கொக்கு ஆராய்ச்சிக்காரியின் பச்சைக் கூடாரம்

என் தங்கைக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவள் 'கொக்கு'. ஏரிச் சேற்றில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுடைய பூட்ஸைக் கழுவிக் கழுவி என் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரே ஏரியில் பெரிய நாரைகளும் சின்னக் கொக்குகளும் மீனுக்காக எப்படிப் போட்டி போடுகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கரையோரம் பச்சைத் துணிக் கூடாரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் ஓட்டை வழியாக மூன்று வருடம் பார்த்தாள். போட்டியே இல்லையாம். சின்னதுகள் கரையோரம், முழங்கால் தண்ணீரில். பெரியதுகள் தள்ளி, ஆழத்தில். சண்டை சச்சரவே கிடையாது. "நம்ம சொந்தக்காரங்களுக்கு இதுங்க தேவலடி" என்றேன். ஒரு கல்லூரியில் வேலையும் காத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

போன வாரம் அடித்த காற்றில் கூடாரம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்த அலுப்புப்பட்டு, தூரத்துக் கரைமேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தாள். நாரைகள் சாவகாசமாகக் கரையோரம் வந்தன. சின்னக் கொக்குகளைக் கொத்தி விரட்டின. மறுநாள் கூடாரத்தை நிறுத்தினாள். நாரைகள் விலகிப் போயின. பிரித்தாள்; திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுங்க என் கூடாரத்துக்குப் பயந்துதான்க்கா தள்ளி நின்னிருக்கு. மூணு வருஷமா என்னையேதான் நான் பார்த்துட்டிருந்திருக்கேன்."

"உங்க கைடு என்ன சொல்றாரு?"

"முதல்ல கொடுத்துடு, மத்தத அப்புறம் பார்த்துக்கலாங்கிறாரு."

"அப்புறம் என்ன? கொடுத்துத் தொலையேன். கொக்கு வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சின்னதுக்கு அங்க இடமே இல்லக்கா. நான் உட்கார்ந்திருந்த நேரம் மட்டுந்தான் அதுங்களுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நானே எழுதிக் கொடுக்கவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவளும் நாலு பேரைப் போலக் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்க்கமாட்டேனா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அவளே கல்லூரிக்குப் போன் செய்து, வேறு ஆளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை, அலுப்புதான். அழுததெல்லாம் நான்தான்.

காலையில் ஈரம் காயாத பூட்ஸை மாட்டிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து. தொப்பி, தண்ணீர் பாட்டில், பைனாகுலர். கூடாரம் மட்டும் மடித்தபடியே கதவோரம் கிடந்தது.

"இத எடுத்துட்டுப் போகலயா? வெயில் மண்டையப் பிளக்குமேடி."

"வேணாம்க்கா, தள்ளியே உட்கார்ந்துக்கிறேன்" என்று படியிறங்கினாள்.