ஜன்னல் பக்கம் நீண்ட முஷ்டி

"பிள்ளை எப்பப் பேசும்?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "முதலில் விரல் பேசட்டும்" என்று சொல்லிப் பிழைப்பு நடத்துகிற தொழில் என்னுடையது. மலாய்க்காரர்களும் நம்மவர்களும் கலந்து வாழும் சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாகப் பன்னிரண்டு வருஷம். தரையில் உட்கார்ந்தே முட்டி தேய்ந்த சக தெரபிஸ்ட்டுகளே, பிள்ளை வாய் திறக்காதா என்று காத்துக் கிடக்கும் அம்மா அப்பாக்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் அழுவது?

மதியத்துக்கு மேல் என் ஜன்னலில் ஜெராய் மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். மழைக்கு முன்னால் காற்று நின்றுவிடும். ஃபேன் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். நான் வேலை பார்க்கிறேனா, கனவு காண்கிறேனா என்று பாதி நேரம் எனக்கே தெரியாது.

பூசணிப் பிஞ்சு

அப்படி ஒரு மதியம் மெர்போக்கிலிருந்து பிரேமா வந்தாள். ஃபேக்டரி வேலை. மடியில் ஒன்றரை வயது தர்ஷினி. வாயில் ஒரு வார்த்தை இல்லை. இவள் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் பேச்சாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள்.

ஒரு வயது வாக்கில் குழந்தை விரலை நீட்ட ஆரம்பிக்கும். பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது ஒரு வகை. எதுவும் வேண்டாம், சும்மா "அதோ!" என்று காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் தங்கம். நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா என்று கேட்கத் தெரிந்துவிட்டால், பேச்சு கிட்டத்தில் வந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். அதனால் என் ஃபாரத்தில் முதல் கேள்வியே 'சுட்டுவிரலால் காட்டுகிறதா?' என்பதுதான். கேட்டேன். பிரேமா யோசித்துச் சொன்னாள்: "எங்க வீட்ல யாருமே விரல் நீட்ட மாட்டோம் மிஸ். பின்னால பூசணிப் பிஞ்சு நிக்குது, நீட்டுனா அழுகிப் போயிடும்னு மாமியார் கத்துவாங்க."

குட் ஜாப்

தர்ஷினி பொம்மைகளைச் சீண்டவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, குட்டிக் கையை முஷ்டி பிடித்து நீட்டினாள். ஆகா, தோஸ்த் ஆகிவிட்டாள் என்று நானும் என் முஷ்டியால் மெல்ல இடித்து, "குட் ஜாப்!" என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி நீட்டினாள். மறுபடி இடித்தேன்.

அடுத்த தடவை வந்தபோதும் இதே கூத்து. ஃபாரத்தில் 'இல்லை' என்று டிக் போட்டேன். அலோர் ஸ்டாரில் பிள்ளை வளர்ச்சி பார்க்கும் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை நாலாக மடித்தபடி பிரேமா கேட்டாள்: "மிஸ், இதை வீட்ல காட்டவா, ஒளிச்சு வைக்கவா?"

அங்கிளும் மழையும்

அதே வாரம் செமிலிங்கிலிருந்து ஆறுமுகம் அங்கிள் வந்தார். பழைய பஸ் டிரைவர். ஸ்ட்ரோக் வந்து மூளையின் இடது பக்கம் அடிபட்டு, வார்த்தைகளெல்லாம் போய்விட்டன. நான் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறேன், அவர் ஜன்னலைக் காட்டுகிறார். "அங்கிள், இங்க பாருங்களேன்" என்கிறேன். மறுபடி ஜன்னலைக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார், பாவம். நான் விடுவேனா? பிடித்த பிடியாக அடுத்த படத்தை எடுத்தேன். அதற்குள் சாரல் அடித்து மேசைமேல் இருந்த ஃபைலெல்லாம் நனைந்துவிட்டது. அவர் மனைவி எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவருக்கு வாய்தாம்மா போச்சு. உனக்கு என்ன போச்சு?"

மக்சிக் சொன்னது

அலோர் ஸ்டாருக்குப் போக நாலு நாள் இருந்தது. பிரேமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பகலெல்லாம் தர்ஷினியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மக்சிக் ரொக்கியா (மக்சிக் என்றால் அத்தை மாதிரி), தூக்கிக்கொண்டு வந்தார். தமிழர்கள் நிறைந்த ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

மேகம் விலகி மலை வெளியே வந்தது. தர்ஷினி முஷ்டியை நீட்டினாள். நான் வழக்கம்போல் கையை ஓங்கினேன். மக்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்கிறியே, ஏன்? பிள்ளை மலையைக் காட்டுதுலா!"

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நாலு விரலும் மடங்கியிருக்க, மேலே கட்டைவிரல் ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது. மலாய்க்காரர்கள் மரியாதையாக வழி காட்டும் அதே கை. ஆபீஸ் கவுண்டர், கடை, கல்யாண வீடு என்று தினமும் பார்க்கிற கைதான். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க எனக்குப் புத்தி இல்லை. தர்ஷினி மலையைக் காட்டிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாடா செல்லம், மலை" என்றேன். அவள் சிரித்தாள். மக்சிக் சொன்னார்: "சுட்டுவிரல் நீட்டுறது மரியாதை இல்லைலா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தப்பா?"

போனில்

உடனே பிரேமாவுக்குப் போன் போட்டேன். டிக்கை மாற்றிவிட்டேன், பேச்சு கொஞ்சம் தாமதம்தான், காது மட்டும் டெஸ்ட் பண்ணிக்கொள்ளலாம், அலோர் ஸ்டார் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஃபேக்டரி மெஷின் சத்தத்துக்கு நடுவே அழுதுகொண்டே சொன்னாள்: "அவ எனக்கும் தினமும் அப்படிக் கை நீட்டுவா மிஸ். நான் அந்தக் கைக்கு முத்தம் கொடுத்துட்டு வேலைக்கு ஓடிடுவேன். அவ காட்டுன பக்கம் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கல."

இப்போதெல்லாம் யார் முஷ்டியை நீட்டினாலும், இடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.