வெள்ளிக்கிழமை ஊமையாகும் அலாரம்

மீன் முதலாளி ஹாஜியாருடைய நாலு குளிரறைகளையும் கணினிக்குள் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. கல்முனையில் இறங்கும் சூரை மீன் கொழும்புக்குப் போகும்வரை அங்கேதான் கிடக்கும். அறைகளின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் ஒன்றை வீட்டிலிருந்தபடியே அமைத்தேன். தரவுக்கு ஓர் இடம், பார்க்க ஒரு திரை, சூடேறினால் எல்லோருடைய போனையும் அடிக்கும் ஓர் அலாரம். ஓர் அறைக்கு இந்த மூன்றும் சேர்ந்து ஒரு குழு. நாலு தடவை மாரடிக்காமல் ஒரே டெம்ப்ளேட் எழுதினேன். அதில் ஒரு வரியை மாற்றினால் நாலு குழுவும் மாறும். ஹாஜியாருக்குப் பெரிய சந்தோசம். போன்தான் இருக்கிறதே என்று கதவுகளில் தொங்கிய வெப்பமானிகளைக் கழற்றி எறிந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது, முதல் ஸப் வரிசையில் இருந்த அவருடைய போன் அலறியது. பள்ளிவாசலே திரும்பிப் பார்த்ததாம்.

"இனி வெள்ளிக்கிழம பகல்ல இருந்து அஸர் வரைக்கும் ஒரு போனும் அடிக்கப்படாது புள்ள."

தொழுகையோடு, சோறு தின்று பின்னேர அஸர் தொழுகைவரை கண்ணயரும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டார்.

"காரைதீவு அண்ணன் வேலையில நிப்பாரே. அவருக்கும் எனக்கும் மட்டும் அடிக்கிற மாதிரி வேற ஒண்டு எழுதுறன்."

"ஆளுக்கொரு சோறாக்க ஏலா. எல்லாருக்கும் ஒண்டுதான்."

டெம்ப்ளேட்டில் ஒரு வரியை மாற்றினேன்.

காரைதீவு அண்ணன் அங்கே வேலை செய்த ஒரே தமிழ் ஆள். முஸ்லிம்களான மற்றவர்கள் ஜும்ஆவுக்குப் போனால் அவர் தனியாக நிற்பார். அப்படி ஒரு வெள்ளியன்று அவர் முன்வாசலில் மீன் இறக்கிக்கொண்டிருக்க, கடைசி அறையின் இயந்திரம் நின்றுவிட்டது. அஸருக்கு அலாரம் அடித்தபோது மீன் நாறியிருந்தது.

"நித்திர கொண்டிருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லி ஹாஜியார் அவரைத் துரத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், ஏறிக்கொண்டே போன கோட்டையும் ஊமையாகக் கிடந்த அலாரத்தையும் காட்டினேன்.

பொறுமையாகப் பார்த்தார். "ஓம் புள்ள, விளங்குது. அதுக்காக, நான்தான் அலாரத்த மூடச் சொன்ன எண்டு மீன் வாங்குற கொழும்பு ஆக்களுக்குச் சொல்லவா?"

அன்று பின்னேரம் அண்ணன் போன் எடுத்தார். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் நித்திரைக்காரனுக்கு இடமில்லை என்றார்களாம்.

"தங்கச்சி, நான் நித்திர கொள்ளல்ல எண்டு ஹாஜியாருக்குக் காட்டினீங்களா?"

"காட்டினன் அண்ணன்."

"அவருக்கு விளங்கிச்சா?"

"ஓம்."

"அப்ப நாளைக்குக் கூப்பிடுவார்." அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஹாஜியார் என்னைத்தான் கூப்பிட்டார். "அவன்ட நம்பர எடுத்துப்போட்டு புது ஆள்ட நம்பரப் போடுங்க."

ஒரு வரிதான். நாலு குழுவிலிருந்தும் அண்ணன் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழம அலாரம்?"

"அது அப்படியே கிடக்கட்டும்."

புது ஆள் பாண்டிருப்புத் தமிழர். வெள்ளிப் பகல்களில் இனி அவர் தனியாக நிற்பார்.