சிங்கப்பூர் வைத்தியர் கேட்ட படம்

என் கணவருக்கு வயிறு வீங்கத் தொடங்கியபோது ஊரில் சாராயக் கடைகள் திறந்திருந்தன. அதனால் தெருவில் யாரும் என்ன நோய் என்று எங்களிடம் கேட்கவில்லை. குடிதான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலேறும் உப்பு மூட்டைகளைக் கணக்கெடுக்கிற வேலை. சர்ச்சில் இராப்போஜனத்தின்போது உதட்டில் படுகிற துளி திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் அறியாதவர்.

ஆஸ்பத்திரியிலும் அதுதான் முதல் கேள்வி.

“குடிப்பீங்களா?”

“இல்ல சார்.”

“எத்தனை வருஷமா?” என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குக் கடுமையான மஞ்சள்காமாலை வந்ததை நான் சொன்ன பிறகுதான் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குப் பின் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. “கல்லீரல் சுருங்கிட்டு வருது. பழையபடி ஆகாது. மேல கெடாம பாத்துக்கிடலாம், அவ்வளவுதாம்மா” என்றார். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டில் உப்பே கூடாது என்றார்.

சட்டையில் உப்புப் பூத்து வீடு வருகிற மனிதருக்கு உப்பில்லாமல் சோறு. தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய அக்காள், என் மதினி, கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். அதுவும் உள்ளே தங்காது. கை கால் ஈர்க்குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்தது.

என் அண்ணன் அப்போது சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். கொழும்பு, தூத்துக்குடி, சிங்கப்பூர் என்று போய்வருகிற கப்பல். கூட வேலை செய்த சீனன் ஒருவன் சிங்கப்பூரில் தன் ஆட்கள் போகிற வைத்தியரிடம் அவனை அழைத்துப்போயிருக்கிறான். பெண் வைத்தியர். அடுத்த முறை அண்ணன் மருந்தோடு வருவான் என்று காத்திருந்தோம். வெறுங்கையோடு வந்தான்.

“நாக்கப் பாக்காம மருந்து தரமாட்டேங்கா ஏளா” என்றான். “நாடியும் பாக்கணுமாம். நாக்கு என்ன நெறம், மேல மாவு படிஞ்சிருக்கா, ஓரத்துல பல்லுத்தடம் இருக்கான்னு கேக்கா. நான் என்னத்தக் கண்டேன்?”

“நாடிய எப்படி அனுப்ப? நாக்க வேணும்னா அறுத்துக் குடுத்து விடுதேன்” என்றார் இவர், கட்டிலில் படுத்தபடி.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். “வரைஞ்சு தாரேன்” என்றேன்.

மறுநாள் காலை, பல் விளக்குவதற்கு முன், ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். நாக்கை நீட்டச் சொல்லி வாட்டர் கலரில் வரைய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகும். உள்ளே இழுத்துக்கொள்வார். “அசையாதீங்க” என்பேன். “நாக்கு அசையாம நான் எப்படி சரின்னு சொல்ல?” என்பார். எனக்குச் சிரிப்பு வந்து தூரிகை நடுங்கியது. அவரும் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். வெளிறிய சிவப்பு, நடுவில் அழுக்கு மஞ்சள் படிவு, ஓரத்தில் பல் பதிந்த வரிசை. அப்படியே வந்தது படம்.

அடுத்த பயணத்தில் மருந்து வந்தது. பழுப்புத் தாளில் கட்டிய பொட்டலங்கள். சீவிய மஞ்சள் வேர், ஏதோ மரப்பட்டை, உலர்ந்த திராட்சை அளவில் சிவப்புப் பழங்கள், சுருங்கிய பேரீச்சை போல ஒன்று. மண் சட்டியில் பாதியாக வற்றவைத்துக் கொடுக்க வேண்டும்.

“ஈரல இது சரி பண்ணாதாம். முதல்லயே சொல்லிட்டா. பசிக்கும், ஒறக்கத்துக்கும், வயித்துப் பொருமலுக்கும்தான். டாக்டர் மருந்த நிறுத்தப்படாதுன்னு ரெண்டு மட்டம் சொன்னா” என்றான் அண்ணன்.

பொட்டலத்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். வேரை எடுத்து முகர்ந்துபார்த்தார். “இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. குடுக்கச் சொல்லவும் மாட்டேன். குடுக்கதா இருந்தா என்கிட்ட மறைக்காதீங்க. வாந்தி வந்தாலோ மஞ்சள் கூடினாலோ அன்னைக்கே நிறுத்திட்டு இங்க வாங்க.”

கஷாயம் கொதித்தால் ஈரச் சாக்கும் அதிமதுரமும் கலந்த வாடை தெருவரை போகும். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். சில வாரங்களில் அவராகவே “இன்னைக்கு என்ன மீனு?” என்று கேட்டார். உப்பில்லாத சாளைக் குழம்பை எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டார். ராத்திரி உறங்கினார். துறைமுகத்தில் வெயிலில் நிற்காத வேலையாகக் கேட்டு வாங்கிப் போய்வந்தார். மருந்தாலா, மாத்திரையாலா, தானாகவா, எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் பயமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது வயிறு மறுபடியும் ஏறியது. ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மருந்து தீரும் நேரத்தில், இன்னொரு படம் வேண்டும் என்று அண்ணன் கேட்டான். அதே நாற்காலி, அதே ஜன்னல். இந்த முறை நீலம் கலக்காமல் அந்த நிறம் வரவில்லை. நாக்கின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தது. நான் தூரிகையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“என்னத்துக்கு யோசிக்க? உள்ளத உள்ளபடி போடு” என்றார். போட்டேன். காய்வதற்குள் வாங்கிப் பார்த்தார்.

அண்ணன் திரும்பி வந்தபோது சின்னப் பொட்டலம் ஒன்றே ஒன்று தந்தான். பேரீச்சை போலிருந்த அந்தச் சுருங்கிய பழம் மட்டும். கொல்லைப் பக்கம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். “ரொம்ப நேரம் பாத்தா ஏளா. யாரு வரைஞ்சதுன்னு கேட்டா. பொஞ்சாதின்னு சொன்னேன். படத்த ரெண்டு கையிலயும் ஏந்தி என்கிட்டயே திருப்பித் தந்துட்டா. இனி வேரு, பட்டை எதுவும் வேண்டாமாம். பிடிச்சதக் குடுக்கச் சொன்னா.”

அதற்குப் பின் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. பகலில் உறங்குவார், எழுந்து மூட்டை எண்ணுவார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்னைப் பார்த்து மரியாதையாக, “டீச்சருக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். “நாசரேத்து” என்றேன். “என் பொஞ்சாதிக்கும் அந்த ஊருதான்” என்றார். அதற்குப் பின் அவர் பேசியது எதுவும் விளங்கவில்லை. ரத்தமாக வாந்தி எடுத்து, ஒரு மத்தியானம் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் குடி என்றார்கள். மதினி மட்டும், “என் தம்பி குடிக்கல. சீனாக்காரி மருந்துதான் அவனக் கொன்னுட்டு” என்று எல்லார் முன்னாலும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. காரியங்கள் முடிந்ததும் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். “கெடுதல் பண்ணுச்சுன்னு நான் பாக்கல. நல்லது பண்ணுச்சுன்னும் சொல்ல முடியாது. அந்த ஈரலுக்கு இது எப்ப வேணும்னாலும் வந்திருக்கும்மா. நடுவுல கொஞ்ச நாள் அவரு சாப்பிட்டாரு. அது எனக்குத் தெரியும்.”

அங்கிருந்து நேராக மதினி வீட்டுக்குப் போனேன். டாக்டர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். சண்டை பிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் யாரத்தான் குத்தம் சொல்லட்டும் ஏளா?” என்றார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடித்ததும் அவர்களே எழுந்து இரண்டு தட்டில் சோறு போட்டார்கள்.