இல்லாத வரிக்கு எழுதிக் கொடுத்த வீடு

ஈரச் சிமெண்டு வாசனை. பக்கத்து மனையில் யாரோ வீடு எழுப்புகிறார்கள். கலவையில் தண்ணீர் விழுந்ததும் கிளம்புகிற அந்தப் பச்சை வாசனை ஜன்னலுக்குள் வந்தால் என் தோள் இறுகிக்கொள்கிறது. அண்ணன் வந்துவிட்டான் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அது அப்படித்தான் நினைக்கிறது, முட்டாள் உடம்பு.

அண்ணன் ராஸ் அல் கைமாவில் சிமெண்டுத் தொழிற்சாலையில் போர்மேன். நான் கல்யாணமாகி ஷார்ஜாவில், ரோலாவில், பணம் அனுப்புகிற ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு மேல் மாடியில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஷேர் டாக்ஸி பிடித்து வருவான். குளித்து, செண்ட் அடித்து, இஸ்திரிச் சட்டை போட்டுத்தான் வருவான். படியேறி வேர்த்ததும் செண்ட் தோற்றுப்போகும். காதுமடலிலிருந்து, நகக்கண்ணிலிருந்து, சிமெண்டு வெளியே வரும். பாவமாக இருக்கும் எனக்கு. அந்த வருஷம் வரைக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். அம்மா இறந்தபின் மன்னார்குடி வீட்டில் தனியாக இருந்தவர். "ஒரு தடவ துபாயப் பாக்கட்டுமே, நீயே விசா எடேன்" என்று என்னை அரித்தவன் அண்ணன். தொழிலாளர் கேம்ப்பில் தங்கவைக்க முடியாதே அவனால். என் கணவர் சம்பளச் சான்றிதழ் வாங்கி, டைப்பிங் சென்டரில் வரிசையில் நின்று, விசா எடுத்தார். அப்பா எங்கள் ஹாலில் சோபாவில் படுத்தார். மாலையில் ரோலா பூங்காவில் நடந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன். கேலியாக இருக்கிறது இப்போது, அந்தச் சந்தோஷம்.

வரி கட்டாத ஊரில் சம்பாதிக்கிறவனுக்கு வரி என்ற சொல் பேய் மாதிரி. பார்த்ததில்லை, அதனால் எங்கும் இருக்கிறது. அண்ணன் கேம்ப்பில் ஒரு வெல்டர் மாரடைப்பில் இறந்துபோனார். கோர்ட்டுக் காகிதம் வரும்வரை பேங்க் அவருடைய கணக்கை நிறுத்திவைத்தது. இங்கே யார் இறந்தாலும் அதுதான் நடைமுறை. ஊரில் அவர் மனைவி காத்துக்கிடந்தாள். கேம்ப்பில் அந்தச் செய்தி ஒரு ரூமிலிருந்து அடுத்த ரூமுக்குப் போகும்போதே, "செத்தவன் காச கவர்மெண்டு புடிச்சுக்கிச்சு" என்று ஆனது. அதற்கடுத்த ரூமில், "நம்ம ஊர்லயும் செத்தா வரி வருதாம்" என்று ஆனது. கம்பெனி ஆபீசில் ஒரு கணக்காளர், வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பின் உட்கார்ந்து, ஏழைபாழைகள் அந்த வரியை எப்படிக் குறைக்கலாம் என்று வகுப்பே எடுத்தார். பெற்றவர் இருக்கும்போதே பிள்ளை பேருக்கு எழுதி வாங்கு, அவ்வளவுதான் வகுப்பு. எல்லாரும் ஊருக்குப் போன் போட்டார்கள். எத்தனை அப்பாக்கள் அந்த வெள்ளிக்கிழமை இருமிக்கொண்டே பேச்சை மாற்றியிருப்பார்கள்!

அண்ணன் என் ஹாலில் வகுப்பை மறுபடி எடுத்தான். அப்பா இங்கே ஒரு பவர் பத்திரம் எழுதி, துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை வைத்து ஊரில் அண்ணியின் தகப்பனார் வீட்டை அண்ணன் பேருக்குச் செட்டில்மெண்ட் பதிந்துவிடுவார்.

"அந்த வரிய எடுத்து எத்தன வருஷமாச்சு? நான் ஸ்கூலுக்குப் போறப்பவே எடுத்தாச்சு" என்றேன்.

"திரும்ப வருதுங்கறாங்க."

"யாரு? ஒங்க மெஸ்ஸுல பரோட்டா போடறவரா?"

"வந்துட்டா பெரிய வக்கீலு."

"வந்தாலும் நம்ம ஓட்டு வீட்டத் தேடியா வரும்? இப்ப எழுதுனா ஸ்டாம்புக்கும் பதிவுக்கும் கையக் கடிக்கும். அப்பாவுக்கு அப்பறம்னா வாரிசு சர்டிபிகேட்ட வச்சு பட்டா மாத்திக்கலாம். இல்லாத வரிக்குப் பயந்து இருக்கற செலவ இழுத்துக்கற."

"ஒனக்குப் பங்கு போயிரும்னு வயித்தெரிச்சல். அதச் சொல்லு."

"ஆமா, எரியிது. எனக்கும் அது அப்பா வீடுதான்."

அப்பாவுக்கு அப்புறம், அப்பாவுக்கு அப்புறம் என்று அவர் எதிரிலேயே கத்திக்கொண்டிருந்தோம். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஓடுகிற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், மொதல்ல சாப்பிடுங்க" என்று என் கணவர் தட்டை வைத்தார். யாரும் தொடவில்லை.

என் பங்கு போகட்டும். எனக்கு வேறொன்று உறைத்தது. ஊரிலிருந்து ஃபேக்ஸில் வந்த செட்டில்மெண்ட் நகலைப் படித்துப் பார்த்தேன். வீட்டை முழுசாக, இன்றே, சகல உரிமையோடு மகனுக்குக் கொடுக்கிறேன் என்றிருந்தது. கொடுத்தபின் கொடுத்தவர் எங்கே இருப்பார் என்று ஒரு சொல் இல்லை.

"அப்பா ஆயுசு வரைக்கும் இந்த வீட்டுலயே இருக்கலாம்னு ஒரு வாசகம் சேரு. நான் வாயத் தொறக்கல."

"அதப் போட்டா பேங்க்ல லோன் தரமாட்டான்."

சொன்னபின்தான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. லோன். அடகு. வரி வந்த வழியிலேயே மறைந்துபோனது, ஹாலை விட்டு, படி இறங்கி.

அப்பாவின் பாஸ்போர்ட் என் அலமாரியில் பூட்டியிருந்தது. அது இல்லாமல் தூதரகத்தில் ஒன்றும் நடக்காது.

"பாஸ்போர்ட்டக் குடு" என்றான்.

"மாஃபி. கெடையாது."

"அப்பா பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டி வச்சுருக்க. ஒனக்கும் கஃபீலுக்கும் என்ன வித்தியாசம்?"

பதினெட்டு வயசில் இங்கே வந்து இறங்கிய அன்றே விசா கொடுத்த முதலாளியிடம், கஃபீலிடம், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவன் அவன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. "கஃபீல் சோறு போடுவானா? ஒங்கப்பாவுக்கு இங்க சோறு போடறது யாரு?" என்றேன். அசிங்கமான வார்த்தைதான். அப்பாவின் முகம் சுருங்கியது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "அம்மாடி, அத எடுத்துட்டு வா."

"அப்பா, வரின்னு ஒண்ணு கெடையாதுப்பா. பொய்யி."

"தெரியும்மா."

டிவியில் விளம்பரம் ஓடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேற என்னத்தச் சொல்லி ஒங்கிட்டக் கேக்கறது? ஒனக்கு மாப்ள இருக்காரு. நகை போட்டு அனுப்பிட்டோம். அவனுக்கு இந்தக் கம்பெனி நாளைக்குக் கலாஸ்னா எங்க போவான்?"

"நீங்க எங்கப்பா போவீங்க?"

"பெத்த புள்ளகிட்டப் போயி, என்னய இருக்கவிடுன்னு எழுதி வாங்கணுமா? விடு."

விடு. ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அலமாரியைத் திறந்தேன். சாவி திரும்புகிற சத்தத்தை நான் வெறுத்தேன், என் கையை வெறுத்தேன். அந்த நீல அட்டைக்குள் போட்டோவில் அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

அடுத்த வேலைநாளில் மூன்று பேரும் துபாய்க்கு பஸ் ஏறினோம். அண்ணன் லீவு போட்டிருந்தான். அப்பா ஜன்னலோரம், பக்கத்தில் நான், எனக்குப் பின்னால் அவன். தூதரகத்தில் முறை வந்தது. அதிகாரி அப்பாவை நிமிர்ந்து பார்த்து, சொந்த விருப்பத்தில்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ் சார்" என்றார் அப்பா, கூடத்துக்கே கேட்கிற மாதிரி. கையெழுத்தை நிதானமாக, புள்ளிகூட விடாமல் போட்டார். முத்திரை விழுந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அண்ணன் காகிதத்தை உறையில் போட்டு, சட்டைக்குள் செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டான். மூவருக்கும் ஜூஸ் வாங்கி வந்தான். நான் கை நீட்டவில்லை. அப்பா தன்னுடையதையும் என்னுடையதையும் பிடித்துக்கொண்டு நின்றார், எதைக் குடிப்பது என்று தெரியாதவர்போல.

ராஸ் அல் கைமா டாக்ஸிக்காரன் "யல்லா, யல்லா" என்று ஆள் கூப்பிட்டான். அண்ணன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம். நான் உற்றுப் பார்க்க விரும்பவில்லை.

"அப்பா ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு வர்றேன்" என்றான்.

"நீ வர வேணாம். எங்கப்பாவ நான் ஏத்தி விட்டுக்கறேன். அவரு போயி எறங்கறது ஒன் வீடு. ஒன் மாமனார்கிட்டக் கதவத் தொறந்து வைக்கச் சொல்லு."