நின்றபடி எடுத்த அளவு

அவளுடைய அப்பாவை அவர் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் எல்லோரும் கிண்டலாக ‘ஜெட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக மருத்துவமனைகளிலிருந்து ரத்தக் குப்பிகளை பைக்கில் கொண்டுவருகிறவர்; வேகம் காட்டும் முள் ஒருநாளும் நாற்பதைத் தாண்டியதே இல்லை.

போன வருடம் யாரோ பார்க்காமல் திறந்த கார் கதவில் மோதி இடது முழங்கை உடைந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். “அதே இடத்துல இன்னொரு அடி பட்டா கை மடங்காது. பைக்கை மறந்துட வேண்டியதுதான்” என்றார் மருத்துவர். அவருக்கோ அதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் மகள். அப்பாவுக்குப் பைக் ஓட்டும்போது போட ஒரு பாதுகாப்பு ஜாக்கெட் வாங்க, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தாள். எந்தத் துணி தார்ச்சாலை உரசலைத் தாங்கும், முழங்கையிலும் தோளிலும் உள்ளே வைக்கிற எந்தப் பாதுகாப்புப் பட்டை அடியை உள்வாங்கும் என்றெல்லாம் நோட்டில் எழுதினாள். அப்பாவைக் கூடத்தில் நிற்கவைத்துத் தோள், மார்பு, கை என்று நாடாவால் அளந்தாள். இருப்பதிலேயே உயர்ந்த தரப் பட்டைகள் வைத்த ஜாக்கெட் வந்து சேர்ந்தது.

“எப்படிப்பா இருக்கு?”

“பிரமாதம்மா. ராஜா மாதிரி இருக்கேன்ல?”

“பீரோ நடந்து வர்ற மாதிரி இருக்கு” என்றாள் அம்மா.

மூன்றாவது வாரம், ஒரு திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் பைக் சறுக்கியது. ஜாக்கெட்டில் ஒரு கிழிசல்கூட இல்லை. உள்ளே அதே இடது முழங்கை மட்டும் கன்றிப்போய்ப் பந்தாக வீங்கியிருந்தது. தகடு அசையவில்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகுதான் மகளுக்கு மூச்சு வந்தது.

வீக்கம் வடிந்ததும், ஜாக்கெட்டோடு அவரை பைக்கில் உட்காரவைத்துப் பார்த்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்ததும் ஜாக்கெட்டின் கை மேலே ஏறியது. பட்டை முழங்கையை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அவள் நிற்கவைத்து அளவெடுத்திருக்கிறாள்.

“இது ஏறுறது உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“முதல் நாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ அவ்வளவு படிச்சுப் பாத்து வாங்கினே. எனக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்.”

சொந்தக் கையைப் பற்றிச் சொல்லக்கூட அவரைத் தயங்கவைத்தது எது? அவளுடைய படிப்பா? இதுவரை அவளிடம் அவர் சொன்ன ‘பிரமாதங்களில்’ எத்தனை நிஜம்?

சனிக்கிழமை இருவரும் கடைக்கே போனார்கள். ஒவ்வொரு ஜாக்கெட்டையும் போடவைத்து, வாசலில் நின்ற பைக்கில் அவரை உட்காரச் சொன்னாள்.

“வாசலை வாடகைக்கு எடுத்துட்டீங்களா?” என்றார் கடைக்காரர்.

மூன்றாவது ஜாக்கெட்டில் பட்டை மெல்லியது, தரத்திலும் ஒரு படி கீழே. நோட்டைப் பார்த்தால் எடுக்கவே தோன்றாது. ஆனால் அதன் கையில் இறுக்கும் வார் இருந்தது. நீட்டினாலும் மடக்கினாலும் பட்டை முழங்கையிலேயே உட்கார்ந்தது.

“பிரமாதம்” என்றார் அப்பா.

பட்டையைத் தொட்டுப் பார்த்த கையை அவள் அவர் முழங்கையிலிருந்து எடுக்கவில்லை. “நிஜமா சொல்லுங்கப்பா.”

அவர் கடைக்காரரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

“கை நல்லாத்தான் இருக்கு. கழுத்துகிட்ட அறுக்குது” என்றவர், குரலைத் தாழ்த்தி, “கோச்சுக்காதம்மா” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. ஜாக்கெட்டைக் கழற்ற உதவிவிட்டு, கடைக்காரரிடம் நான்காவதைக் கேட்டாள்.